புயல் கூண்டு முதல் கைப்பேசி அலறல் வரை: வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை எங்கே கைகொடுக்கிறது, எங்கே இடறுகிறது

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும். வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவாகிறது என்ற செய்தி வந்த நிமிடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வண்ண வண்ணப் படங்கள் பறக்கத் தொடங்கும். அவற்றில் பல, ஏதோ ஒரு கணினி மாதிரி ஏதோ ஒரு வேளையில் போட்ட கணக்கு. அந்தக் கூட்டத்தில் அதிகாரபூர்வமான எச்சரிக்கை அமுங்கிப்போகிறது. இங்கே எடைபோடுவது அந்த அதிகாரபூர்வச் சேவையைத்தான்: டெல்லியில் இருக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் மையமும், நுங்கம்பாக்கத்தில் இருக்கும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையமும் சேர்ந்து தரும் அறிக்கை, பாதை வரைபடம், வண்ண எச்சரிக்கை, துறைமுகக் கூண்டு, கைப்பேசிக்கு வரும் செய்தி. எல்லாமே இலவசம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புயல் எந்தப் பக்கம் போகும் என்பதில் இந்தச் சேவையைத் தாராளமாக நம்பலாம். எவ்வளவு வலுவாக வரும் என்பதில் ஓரளவு நம்பலாம். எவ்வளவு மழை கொட்டும் என்பதைச் சொல்ல அதனிடம் இருக்கும் சொற்கள் போதவில்லை. ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டவரை எட்டுவதில் நெடுங்காலம் பின்தங்கியிருந்து, இப்போதுதான் தேறிவருகிறது.

அறிக்கையைப் படிக்கும் முறை

தாழ்வு மண்டலமாக வலுப்பெற்றதும் தனி அறிக்கைகள் வரத் தொடங்கும். புயலானதும் 3 மணி நேரத்துக்கு ஒன்று: காலை 5.30, 8.30, 11.30, மதியம் 2.30, மாலை 5.30, இரவு 8.30, 11.30, பின்னிரவு 2.30. கரையை நெருங்கிவிட்டால் மணிக்கு ஒருமுறை இருப்பிடம் சொல்வார்கள். இவை அறிக்கை வெளியாகும் நேரங்கள் அல்ல. கடலில் நிலவரம் கணிக்கப்பட்ட நேரங்கள். செயற்கைக்கோள் படம், ரேடார், மிதவை, கப்பல் தகவல்களை ஒட்டிப் பார்த்து எழுதி முடித்து வெளியிட இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். ஆகவே அறிக்கையைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது "இன்று காலை 8.30 மணி நிலவரப்படி" என்ற அந்த ஒரு வரி. பகல் ஒரு மணிக்கு ஒருவர் அனுப்பும் படத்தில் இருக்கும் புள்ளி, புயல் நாலரை மணி நேரத்துக்கு முன் இருந்த இடமாக இருக்கலாம்.

அடுத்து, அறிக்கையில் இரண்டு வேகங்கள் இருக்கும். "மேற்கு வடமேற்கு திசையில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் நகர்ந்து" என்பது புயல் மொத்தமாக இடம்பெயரும் வேகம். "மணிக்கு 70 முதல் 80 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 90 கி.மீ. வேகத்திலும்" என்பது அதற்குள் சுழலும் காற்றின் வேகம். செய்தி வாசிப்பில் இவ்விரண்டும் குழம்பிப்போவது அடிக்கடி நடக்கிறது. முதல் வேகத்தை வைத்து நேரக் கணக்குப் போடலாம். நாகப்பட்டினத்துக்கு 300 கி.மீ. தொலைவில் இருக்கிறது, மணிக்கு 12 கி.மீ. நகர்கிறது என்றால் மையம் வந்து சேர 25 மணி நேரம். ஆனால் பலத்த காற்று மையத்தோடு வருவதில்லை. அது மையத்திலிருந்து 100 கி.மீ. வரை பரந்திருந்தால் 8 மணி நேரம் முன்னதாகவே வாசலுக்கு வந்துவிடும். ஓலைக் கூரையைக் கட்டவும் தென்னையில் பாளைகளையும் குலைகளையும் இறக்கவும் மோட்டாரைக் கழற்றவும் கையில் இருப்பது 17 மணி நேரம்தான், அதிலும் ஒரு பகுதி இருட்டு. டெல்லி மையத்தின் ஆங்கில அறிக்கையில் வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு என்று நான்கு திசைக்கும் காற்று எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்ற அட்டவணை இருக்கும். மிகப் பயனுள்ள அட்டவணை அது. தமிழ் அறிக்கையில் இடம்பெறாதது பெரிய குறை.

காற்றின் வேகத்தைப் பற்றி இன்னொன்று. இங்கே சொல்லும் எண் 3 நிமிடச் சராசரி. அமெரிக்க மையங்கள் சொல்வது 1 நிமிடச் சராசரி. அது இயல்பாகவே கூடுதலாக வரும். ஒரே புயலுக்கு இரண்டு எண்கள் உலவுவதைப் பார்த்து "வானிலைத் துறை மறைக்கிறது" என்று கிளம்பும் பேச்சுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தூக்குவது சராசரிக் காற்று அல்ல, "இடையிடையே" என்று வரும் அந்த இரண்டாவது எண்.

வகைப்பாட்டையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 31 முதல் 49 கி.மீ. வரை தாழ்வு மண்டலம், 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டால் புயல், 89-ல் தீவிரப் புயல், 118-ல் மிகத் தீவிரப் புயல், 167-ல் அதிதீவிரப் புயல், 222-ல் சூப்பர் புயல். பெயர் கிடைப்பது 62-ஐத் தொட்டால்தான். 2020-ல் வெளியான பட்டியலில் 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்திருக்கின்றன.

பாதையும் கூம்பும்

இந்தச் சேவையின் பெருமை இதில்தான் இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லும் இடத்துக்கும் புயல் உண்மையில் போய் நிற்கும் இடத்துக்கும் உள்ள சராசரி விலகல் இப்போது ஏறக்குறைய 75 கி.மீ. இருபது ஆண்டுகளுக்கு முன் அது கிட்டத்தட்ட இதைப்போல இரு மடங்கு. 75 கி.மீ. என்பது சென்னைக்கும் கல்பாக்கத்துக்கும் இடைப்பட்ட தூரம். எந்த மாவட்டத்தில் முகாம் திறப்பது, எங்கே மீட்புப் படையை நிறுத்துவது என்று தீர்மானிக்க அது போதும்.

இதன் மதிப்பு ஒடிசாவில் தெரிந்தது. 1999 அக்டோபர் 29-ல் வந்த சூப்பர் புயல் சுமார் 10,000 உயிர்களைக் கொண்டுபோனது. 2013-ல் பைலின் வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு சில பத்துகளில் நின்றது. 2019-ல் ஃபானிக்கு 12 லட்சம் பேர். எச்சரிக்கை மட்டும் இதைச் செய்யவில்லை. புகலிடக் கட்டடங்களும் ஊர்க் குழுக்களும் செய்தன. ஆனால் எந்தக் கரை என்று மூன்று நாள் முன்னால் தெரியாவிட்டால் இத்தனை பேரை நகர்த்த முடிந்திருக்காது.

வரைபடத்தில் பாதைக் கோட்டைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் கூம்பு 2009 முதல் வருகிறது. அதன் அகலம் கடந்த ஆண்டுகளின் விலகலை வைத்துப் போடப்படுவது. அது காட்டுவது மையப் புள்ளி எங்கெல்லாம் போகக்கூடும் என்பதை மட்டும். புயலின் உடம்பு எவ்வளவு பெரியது, மழை எதுவரை வரும் என்பதைக் கூம்பு சொல்லாது. கூம்புக்கு வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று நினைப்பதுதான் இந்தப் படத்தால் விளையும் மிகப் பெரிய தவறு.

2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் இதற்கு அசல் உதாரணம். அது கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, 5-ம் தேதி. ஆனால் 3, 4 தேதிகளில் சென்னைக்குக் கிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் கடலிலேயே மெதுவாக ஊர்ந்தது. பாதைக் கோடு சென்னையைத் தொடவே இல்லை. நகரின் பல பகுதிகளில் இரண்டு நாளில் 40 செ.மீ.யை ஒட்டியும் தாண்டியும் பெய்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மூழ்கின. மழை எச்சரிக்கை முறையாகவே வந்திருந்தது. ஆனால் பொதுமக்கள் பேசிக்கொண்டிருந்தது "எங்கே கரையைக் கடக்கும்" என்பதைத்தான். மெதுவாக நகரும் புயல், வலுவான புயலைவிட நகரத்துக்கு ஆபத்து. அறிக்கையில் நகரும் வேகம் 10-க்குக் கீழே இறங்கினால், எந்த வகைப் புயல் என்பதை விட்டுவிட்டு மழையைக் கவனிக்க வேண்டும்.

வலுவைக் கணிப்பதில் ஏன் தடுமாற்றம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அட்லாண்டிக்கில் 1943 முதல் விமானங்கள் சூறாவளிக்குள்ளேயே போய் அளந்து வருகின்றன. வங்கக்கடலில் அப்படி வழக்கமாகப் பறக்கும் விமானம் கிடையாது. நடுக்கடலில் இருக்கும்போது மேக வடிவத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, டிவோராக் முறைப்படி ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணிலிருந்து காற்றின் வேகத்தை ஊகிக்கிறார்கள். 2.5 என்று எண் கொடுத்தால் புயல். 2 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அரை எண் வித்தியாசம் என்பது ஒரு மேகச் சுருள் எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்ற பார்வை வித்தியாசம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலாகுமா ஆகாதா என்று அறிக்கைகள் மாறி மாறி வந்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 29-ம் தேதி மதியம் புயலானது, 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, கடந்த பிறகு பல மணி நேரம் கிட்டத்தட்ட அசையாமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் அரை மீட்டரை ஒட்டி மழை. பெயர் கிடைத்ததா இல்லையா என்ற விவாதத்தில் போன இரண்டு நாளும் வீண் நாட்கள்.

மழைக்குச் சொல் போதவில்லை

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கன மழை, 115.6 முதல் மிக கன மழை, 204.5 மற்றும் அதற்கு மேல் அதி கன மழை. அவ்வளவுதான்; அதற்கு மேல் படி இல்லை. 2023 டிசம்பர் 18 காலை 8.30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது 95 செ.மீ. இந்த அளவுகோலில் 21 செ.மீ.யும் அதி கன மழை, 95 செ.மீ.யும் அதி கன மழை. இரண்டுக்கும் அதே சிவப்பு. 21 செ.மீ. பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். 95 பெய்தால் ஏரி உடையும், ரயில் பாதைக்கு அடியில் மண் போகும், ஊரே தீவாகும். ஒரே சொல்லைக் கேட்டு இரண்டுக்கும் எப்படித் தயாராவது? இந்தச் சேவையில் உடனடியாகத் திருத்த வேண்டியது ஒன்று உண்டென்றால் இதுதான். 30, 50 செ.மீ. என்று மேலும் இரண்டு படிகளாவது வேண்டும். அன்று தென் மாவட்டங்களில் நின்றது புயல்கூட அல்ல, மேலடுக்குச் சுழற்சி. கூண்டும் கூம்பும் பெயரும் இல்லாத ஒன்று. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியபோதும் புயல் எதுவும் இல்லை. புயல் அறிக்கைக்கு மட்டும் காத்திருப்பவரிடம் இந்த வெள்ளங்கள் சொல்லிக்கொள்ளாமல் வந்து சேரும்.

அறிக்கையின் இடச் சொற்களும் அளவுச் சொற்கள்தான். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால் பங்குக்குள். "ஒரு சில இடங்களில்" என்றால் பாதி வரை. "பல இடங்களில்" என்றால் முக்கால் பங்கு வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல். "ஓரிரு இடங்களில் அதி கன மழை" என்பதை நம் ஊரில் வராது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த ஓரிரு இடம் எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் பொருள்.

மழைக் கணக்கு காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. "18-ம் தேதி பதிவான மழை" என்பது பெரும்பகுதி 17-ம் தேதி பகலிலும் இரவிலும் பெய்தது.

வண்ணங்களில் இன்னொரு சிக்கல். புயலுக்கு 1999 முதல் நான்கு கட்டங்கள்: 72 மணி நேரம் முன்பே வரும் புயல் கண்காணிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் வரும் விழிப்பு அறிக்கை, 24 மணி நேரத்துக்கு முன் வரும் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் வரும், கரை கடந்த பிறகான நிலவரக் கணிப்பு. இதில் விழிப்புக்கு மஞ்சள், எச்சரிக்கைக்கு ஆரஞ்சு, கடைசிக்குச் சிவப்பு. மாவட்ட மழை எச்சரிக்கைக்கும் அதே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மழை எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்து வா, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. ஒரே நாளில் ஒரே மாவட்டத்துக்குப் புயலில் ஆரஞ்சும் மழையில் சிவப்பும் இருக்க முடியும். தொலைக்காட்சி அடியோட்டத்தில் "ரெட் அலர்ட்" என்று மட்டும் ஓடினால், எதற்கு என்று மாவட்டப் பட்டியலைத் திறந்து பார்ப்பதே வழி.

நான்காம் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கரையைக் கடந்தபின் உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்பது அதில்தான் வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, கடற்கரையோடு ஓயவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை என்று உள்ளே போய்த் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. எச்சரிக்கை சரியாகவே இருந்தது. கடலிலிருந்து 40, 50 கி.மீ. தள்ளியிருப்பவர் அது தனக்கில்லை என்று நினைத்ததில்தான் பிழை.

கூண்டு எண் சொல்வது என்ன

சேவையின் மிகப் பழைய அங்கம் இதுதான். 1864 அக்டோபர் 5-ல் கல்கத்தாவைப் புயல் அழித்த பிறகு, 1865-ல் அங்கே துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. வானிலை ஆய்வுத் துறையே அதற்குப் பத்தாண்டு கழித்து, 1875-ல்தான் பிறந்தது. இன்றும் கடலூரிலும் பாம்பனிலும் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகக் கூடுகளைத் தொங்கவிடுகிறார்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

எண்கள் 1 முதல் 11 வரை. 1 என்றால் தொலைவில் தாழ்வு மண்டலம். 2 என்றால் தொலைவில் புயல். இவை துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலுக்கு. 3 என்றால் துறைமுகத்தில் திடீர்க் காற்றும் மழையும் வரலாம். 4 என்றால் துறைமுகத்துக்கே புயல் அச்சுறுத்தல், ஆனால் கப்பலைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்க்கும் அளவுக்கு இன்னும் இல்லை. 5, 6, 7 புயலுக்கு. 8, 9, 10 தீவிரப் புயலுக்கு. இங்கேதான் ஊரே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 10 என்பது 9-ஐவிடப் பெரிய ஆபத்து அல்ல. 8, 9, 10 மூன்றும் ஒரே வலு. வேறுபடுவது திசை. 5-ம் 8-ம் என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்புறம் இருக்கும். 6-ம் 9-ம் என்றால் வலப்புறம். 7-ம் 10-ம் என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ போகும். "புயல் துறைமுகத்தின் இடப்பக்கமாகக் கடக்கும்" என்று பல விளக்கப் படங்களில் காண்பது தலைகீழ். புயல் போகும் திசையைப் பார்த்து நின்றால் துறைமுகம் இடக்கைப் பக்கம் இருக்கிறது என்பதே சரி.

இது வெறும் சொல் விளையாட்டல்ல. நம் கிழக்குக் கரையில் புயல் பெரும்பாலும் மேற்கு நோக்கி வரும். இடப்புறம் என்றால் துறைமுகம் பாதைக்குத் தெற்கே. அங்கே காற்று வடக்கிலிருந்து மேற்குக்குத் திரும்பி, நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். வலப்புறம் என்றால் துறைமுகம் பாதைக்கு வடக்கே. அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், நீரைத் தள்ளிக்கொண்டு வரும். கடல் பொங்கி உள்ளே ஏறுவது இந்தப் பக்கத்தில்தான். ஆகவே கரையோரக் குடியிருப்புக்கு 8-ஐவிட 9 கவலைக்குரியது. அதுவும் பாக் நீரிணைப் பக்கம், கடல் ஆழமில்லாத இடங்களில், நீர் ஏற்றம் கூடுதல். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்ததும், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கொண்டுபோனதும் காற்றைவிட அந்த நீர்தான். தந்தியையும் வானொலியையும் நம்பியிருந்த எச்சரிக்கை, கம்பி அறுந்த இடத்தில் நின்றுபோன காலம் அது. அறிக்கையில் "இயல்பான ஓதத்தைவிட 1 மீட்டர் உயரத்துக்கு" என்று வந்தால், அது அன்றைய ஓதத்துக்கு மேலே கூட்டிக்கொள்ள வேண்டிய உயரம். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தின் உச்சத்தில் கரையைக் கடந்தால் நிலைமையே வேறு.

கடலுக்குள் இருப்பவர்

இந்தச் சேவை மிக மோசமாகத் தோற்றது 2017 ஒக்கியில். நவம்பர் 29 காலை தாழ்வு மண்டலம், 30 காலை 8.30-க்குப் புயல். கரைக்கு அவ்வளவு அருகே, அவ்வளவு வேகத்தில். 72, 48, 24 என்ற கட்டங்களுக்கு அங்கே இடமே இருக்கவில்லை. "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற எச்சரிக்கை 29-ம் தேதி வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டன. அவை கடலில் தங்குவதே வாரக்கணக்கில். படகிலிருக்கும் வி.எச்.எஃப். என்ற கம்பியில்லாப் பேச்சுக் கருவி எட்டுவது சில பத்துக் கடல் மைல்கள். கரையில் எத்தனை முறை அறிவித்தாலும் அவர்கள் காதில் விழ வழியில்லை. குமரி மாவட்டத்துக் கரை ஊர்கள் இழந்தவர்களை எண்ணி முடிக்கவே மாதங்கள் ஆயின.

அதன் பிறகு நடந்தவற்றைப் பாராட்ட வேண்டும். 2018-ல் திருவனந்தபுரத்தில் தனிப் புயல் எச்சரிக்கை மையம் வந்தது. 2019-ல் ஜெமினி கருவி வந்தது: ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெற்று புளூடூத்தில் கைப்பேசிக்குத் தரும். டவர் தேவையில்லை. ஆனால் கேட்க மட்டும் முடியும், பேச முடியாது. 2024-ல் இஸ்ரோ வெளியிட்ட இரண்டாம் தலைமுறை ஆபத்து அறிவிப்புக் கருவி இருவழி: படகிலிருந்து உதவி கேட்கலாம், கேட்டது கிடைத்தது என்று பதிலும் வரும். ஆழ்கடல் படகு வைத்திருப்பவர் இருவழிக் கருவியைத்தான் வாங்க வேண்டும், அல்லது அரசிடம் கேட்டுப் பெற வேண்டும். கருவி இருந்தும் பயன்படாமல் போவது பெரும்பாலும் பேட்டரி தீர்ந்ததாலும், ஆன்டெனா மேல் வலையைக் குவித்து வைப்பதாலும்தான்.

கைப்பேசியில் எது வேண்டும்

துறையின் மௌசம் செயலி அன்றாட நிலவரத்துக்குப் போதும். புயல் நாளில் சென்னை மையத்தின் இணையதளத்தில் வரும் தமிழ் அறிக்கையும் டெல்லி புயல் மையத்தின் தளமும் மேல். சசேத் செயலியில் நீங்கள் இருக்கும் மாவட்டத்தைக் குறித்துவைத்தால் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழியாக வரும் எல்லா எச்சரிக்கையும் ஒரே இடத்தில் கிடைக்கும். தமிழக அரசின் டிஎன்-அலர்ட் அணைகளின் நீர்மட்டத்தையும் சேர்த்துத் தருவது நல்ல அம்சம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், அலறல் ஒலியோடு திரையை மறித்து வரும் செல் பிராட்காஸ்ட் எச்சரிக்கை. குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணாகப் போக வேண்டும். நெரிசலில் மணிக்கணக்கில் தாமதமாகும். இது டவரிலிருந்து ஒரே வீச்சில், அந்த வட்டத்தில் உள்ள எல்லாக் கைப்பேசிக்கும் போய்விடும். இதற்கு இணையம் தேவையில்லை. அமைப்புகளில் அவசர எச்சரிக்கைகள் என்ற பகுதியைத் திறந்து எல்லாம் இயக்கத்தில் இருக்கிறதா என்று கார்த்திகைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சோதனை ஒலி தொந்தரவாக இருக்கிறது என்று அணைத்துவைத்தவர்கள் நிறைய.

விண்டி போன்ற தளங்களில் ஐரோப்பிய மாதிரியும் அமெரிக்க மாதிரியும் பார்ப்பதில் தவறில்லை. ஒரே ஓட்டத்தின், அதாவது கணினி மாதிரி ஒருமுறை போட்ட கணக்கின், படத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் தவறு. நான்கைந்து ஓட்டங்கள் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள். கரை கடக்கும் இடம் ஓட்டத்துக்கு ஓட்டம் நெல்லூருக்கும் நாகைக்கும் இடையே தாவினால் அந்தப் படத்துக்கு இன்னும் மதிப்பில்லை. வானிலைத் துறையின் பாதையே பல மாதிரிகளை ஒப்பிட்டு எடுத்த முடிவுதான்.

எல்லாம் அணைந்த பிறகு

கூண்டு வரிசையில் 11-ம் எண் ஒன்று உண்டு. வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, இங்கே ஆபத்து வருகிறது என்று துறைமுக அதிகாரி தன் கணிப்பிலேயே ஏற்றுவது. மின்சாரம் போய், டவர் பேட்டரியும் தீர்ந்த வீட்டுக்கும் அந்த நிலை வரும். அப்போது கைகொடுப்பவை பேட்டரி வானொலியும், தெரிந்தால் இரண்டு பழைய முறைகளும்.

ஒன்று காற்றழுத்தம். சில கைப்பேசிகளுக்குள்ளேயே அழுத்த உணரி இருக்கிறது. நம் பகுதியில் அழுத்தம் தினமும் இருமுறை ஏறி இறங்கும்: காலை, இரவு 10 மணியை ஒட்டி உச்சம், மாலை, அதிகாலை 4 மணியை ஒட்டித் தாழ்வு. இந்த இயல்பான இறக்கமே 3, 4 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) வரும். அதனால் காலை 10 மணி அளவை மாலை 4 மணியோடு ஒப்பிட்டுப் பதறக் கூடாது. நேற்று இதே நேரத்தில் இருந்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அதைவிட 5-க்கு மேல் குறைந்து, இன்னும் இறங்கிக்கொண்டே போனால் மையம் நெருங்குகிறது. எப்போதும் ஒரே தளத்தில் நின்று பாருங்கள். மூன்று மாடி ஏறினாலே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும்.

மற்றது காற்றின் திசை. சைக்லோன் என்ற சொல்லைக் கல்கத்தாவில் உருவாக்கிய ஹென்றி பிடிங்டன், 1848-ல் மாலுமிகளுக்காக எழுதிய கையேட்டோடு, கொம்பில் செதுக்கிய ஒளி ஊடுருவும் தகடுகளைக் கொடுத்தார். கடல் வரைபடத்தின் மேல் வைத்து, வீசும் காற்றைப் பார்த்துப் புயலின் மையம் எங்கே என்று கண்டுபிடிக்க. அதே விதி இப்போதும் வேலை செய்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மையம் உங்கள் இடக்கைப் பக்கம், சற்று முன்னால் இருக்கும். கிழக்கிலிருந்து வரும் புயலுக்கு முதலில் வாடைதான், அதாவது வடக்கிலிருந்து வரும் காற்றுதான், வீசும். அது மேற்குக்குத் திரும்பினால் மையம் உங்களுக்கு வடக்கே கடந்துபோகிறது. கிழக்குக்குத் திரும்பினால் தெற்கே கடந்துபோகிறது. கடலோரம் என்றால் நீர் ஏறும். திரும்பாமல் வாடையே வலுத்துக்கொண்டு போய்ச் சட்டென்று ஓய்ந்தால் புயலின் கண், அதாவது அமைதியான மையம், உங்கள் மேல் இருக்கிறது. அந்த அமைதியில் மழை விட்டு, சில வேளை நட்சத்திரம்கூடத் தெரியும். விழுந்த ஓட்டை எடுக்கவும் மாட்டைப் பார்க்கவும் வெளியே போக வேண்டாம். அரை மணியிலோ ஒரு மணியிலோ தெற்கிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும், இதுவரை காற்று மறைவாக இருந்த சுவர்தான் அப்போது முதல் அடியை வாங்கும். உள்ளேயே, வடபுற அறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.